பார்ப்பவன் கொடுக்காத விலை

2020 நவம்பர் 29, பஹ்ரைன். ஃபார்முலா 1 பந்தயம் தொடங்கிய முதல் சுற்று. மூன்றாவது வளைவிலிருந்து வெளியே வந்த ரொமான் குரோஷானின் கார் வலது பக்கம் ஒதுங்கியது, பின்னால் வந்த காரின் முன்சக்கரத்தில் பட்டது, மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் போய் இரும்புத் தடுப்பில் மோதியது. கார் இரண்டு துண்டு. முன்பாதி தடுப்பைப் பிளந்து உள்ளே செருகி நின்றது. அடுத்த கணம் அந்த இடம் முழுக்க நெருப்பு. மோதலின் விசை 67 ஜி, அதாவது புவியீர்ப்பைப்போல 67 மடங்கு, என்று பிறகு அளந்து சொன்னார்கள். ஏறக்குறைய 28 நொடி அவர் அந்த நெருப்புக்குள் இருந்தார். அப்புறம், மருத்துவக் காரில் பின்னாலேயே வந்த டாக்டர் இயன் ராபர்ட்ஸ் கை கொடுக்க, ஒரு காலில் ஷூ இல்லாமல், கைகள் வெந்துபோன நிலையில் தடுப்பின் மேல் ஏறி வெளியே வந்தார்.

அவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் ஒளிபரப்பில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். முன்னாலிருந்து, பக்கவாட்டிலிருந்து, வேகம் குறைத்து. மற்ற ஓட்டுநர்கள் பிட்டில், அதாவது தடத்தை ஒட்டி அணிகள் கார்களைப் பழுதுபார்க்கும் இடத்தில், காத்திருந்தார்கள். சற்று நேரத்தில் அதே தடத்தில் அவர்கள் கார் ஓட்டியாக வேண்டும். அவர்களுடைய குடும்பங்களும் வீட்டில் இதையேதான் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த ஓட்டுநர்களில் ஒருவரான டேனியல் ரிக்கார்டோ அன்று இதைப் பற்றி வெளிப்படையாகவே கோபப்பட்டார். எங்கள் ஆள் ஒருவர் மயிரிழையில் தப்பியதை வேடிக்கைப் பொருளாக்குகிறீர்களே என்பதுதான் அவர் பேச்சின் சாரம். ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்துப் பந்தயம் மறுபடி தொடங்கியது. தொடங்கிய சுற்றிலேயே இன்னொரு கார் தலைகீழாகப் புரண்டது. கடைசியில் ஹாமில்டன் ஜெயித்தார். நான் முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன். ஒவ்வொரு மறு ஒளிபரப்பையும் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான், பல வருடங்களாக மனசில் அரைகுறையாக இருந்த ஒரு கேள்வி எனக்குத் தெளிவாக உருவானது. இந்த விளையாட்டுக்கு யார் யார் விலை கொடுக்கிறார்கள்? அவர்களில் எத்தனை பேர் தெரிந்தே கொடுக்கிறார்கள்? சோபாவில் உட்கார்ந்து பார்க்கிற எனக்கு அதில் என்ன பங்கு?

பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தாலியின் மோன்சா தடத்தில், நேர்ப்பகுதியில் மணிக்கு 340 கிலோமீட்டரைத் தாண்டி வருகிற கார், முதல் வளைவுக்கு முன்னால் இரண்டு மூன்று நொடிக்குள் 80க்கு அருகே இறங்குகிறது. அந்த நேரத்தில் ஓட்டுநரின் உடம்பு தன் எடையைப்போல ஐந்து மடங்கு எடையோடு முன்னால் தள்ளப்படுகிறது. தலைக்கவசத்தோடு சேர்த்துத் தலையைக் கழுத்துதான் தாங்க வேண்டும். அந்த நிலையில் அவர் எந்தக் கோட்டில் உள்ளே போவது, பக்கத்தில் இருப்பவன் எவ்வளவு இடம் விடுவான், பின் டயர் இன்னும் எத்தனை சுற்று தாங்கும் என்று கணக்குப் போடுகிறார். இது உடல் வலிமையா, மூளையா, தைரியமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. 1993இல் இங்கிலாந்தின் டோனிங்டனில் மழையில் பிரேசில் ஓட்டுநர் அயர்டன் சென்னா ஓட்டிய முதல் சுற்றைத் தேடிப் பாருங்கள். புறப்பட்டதும் ஐந்தாவது இடத்துக்குப் போனவர், அந்தச் சுற்று முடியும்போது முதலிடத்தில் இருந்தார். மற்றவர்கள் தடுமாறுகிற ஈரத்தில் இவர் மட்டும் எங்கே பிடிமானம் இருக்கிறது என்று சக்கரங்களால் தொட்டுப் பார்த்து ஓட்டுகிறார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காத ஒன்றரை நிமிடம் அது.

ஆபத்து இல்லாமல் இதே திறமையைப் பார்க்க முடிந்தால் போதுமே என்று நினைத்ததுண்டு. 2020இல் கொரோனா ஊரடங்கில் அதற்கும் ஒரு வாய்ப்பு வந்தது. நிஜப் பந்தயங்கள் நின்றுபோனதால் ஃபார்முலா 1 நிர்வாகம் கணினியில் பந்தயம் நடத்தியது. லெக்லேர், நாரிஸ், ரஸ்ஸல் போன்ற நிஜ ஓட்டுநர்களே வீட்டில் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்து ஓட்டினார்கள். தடம் அதே, வளைவு அதே, ஓட்டுகிற ஆளும் அதே. எனக்குக் கொஞ்ச நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. மோதினால் சிரித்துவிட்டு மறுபடி ஓட்டலாம் என்றானதும் அந்தத் துணிச்சலான முந்துதலில் எதுவும் மிச்சமில்லாமல் போய்விட்டது. ஆக, ஆபத்து இந்த விளையாட்டின் மேல் தற்செயலாக ஒட்டிக்கொண்ட அழுக்கு அல்ல. நான் ரசிக்கிற பொருளுக்குள்ளேயே அது இருக்கிறது. "நான் திறமையை மட்டும்தான் பார்க்கிறேன்" என்று சொல்கிற ரசிகர்களை என்னால் முழுதாக நம்ப முடியவில்லை.

ஆனால் சாவைப் பார்க்க யாரும் வருவதில்லை. என் அனுபவத்தில் அதுவும் உண்மை. விபத்து நடந்ததும் கூட்டம் அடங்கிவிடும். ஓட்டுநர் கையை அசைத்தால் வருகிற கைத்தட்டல், ஜெயித்தவருக்குக் கிடைப்பதைவிடப் பெரிதாக இருக்கும். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் அஜித் குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அதுவரை ஒரு பந்தயத்தைக்கூடப் பார்த்திராத என் சொந்தக்காரர்கள் எல்லாம் அந்தச் சில நொடிக் காட்சியை எனக்கு அனுப்பி, "ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை, அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. மூன்றாமிடம் வந்த செய்தியை எனக்கு அனுப்பியவர்கள் குறைவுதான். அவர்கள் கேட்டதில் இருந்த அக்கறை உண்மையானது. அதே அக்கறையோடுதான் அந்தக் காட்சியையும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

ஓட்டுநர்களின் விலை எல்லோருக்கும் தெரிந்தது. 1973இல் பிரிட்டிஷ் ஓட்டுநர் ஜாக்கி ஸ்டுவர்ட் தன் நூறாவது பந்தயத்தை ஓட்டாமலேயே விலகினார். அணித் தோழர் ஃபிரான்சுவா செவேர் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென் தடத்தில் முந்தின நாள் பயிற்சியில் இறந்துபோனதுதான் காரணம். அதற்கு ஏழு வருடம் முன்னால் பெல்ஜியத்தின் ஸ்பாவில் ஸ்டுவர்ட்டே மோதி நசுங்கிய காருக்குள் பெட்ரோலில் நனைந்து சிக்கிக் கிடந்தார். அவரை வெளியே எடுக்க, இன்னொரு ஓட்டுநர் பார்வையாளர் ஒருவரிடம் ஸ்பானர் கடன் வாங்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து அவர் சீட் பெல்ட், தடுப்பு, மருத்துவ வசதி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பந்தயத்தின் வீரமே போய்விடும் என்று பழித்தவர்கள் உண்டு. சென்னா இறந்த 1994 இமோலா (இத்தாலி) பந்தய வார இறுதியில் வெள்ளிக்கிழமை பாரிக்கெல்லோ தடுப்பில் பறந்து மோதினார், சனிக்கிழமை ஆஸ்திரிய ஓட்டுநர் ரோலண்ட் ராட்சென்பெர்கர் இறந்தார். சனிக்கிழமை மாலை ஃபார்முலா 1இன் மருத்துவரான டாக்டர் சிட் வாட்கின்ஸ், "விட்டுவிடு, மீன் பிடிக்கப் போகலாம்" என்ற பொருளில் சென்னாவிடம் பேசிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நொறுங்கிய காருக்குள் ஆஸ்திரியக் கொடி சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஜெயித்தால் ராட்சென்பெர்கருக்காக அதை அசைக்க நினைத்திருந்தார். எனக்கு அப்போது பள்ளி வயது. மறுநாள் பேப்பரில் படத்தைப் பார்த்துதான் ஃபார்முலா 1 என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. ஒரு சாவின் வழியாகத்தான் நான் இந்த ரசனைக்குள் வந்தேன்.

இவர்களுக்காக நான் வருந்துகிறேன், ஆனால் குற்ற உணர்வு இல்லை. அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சென்னா அளவுக்கு அந்த ஆபத்தை அளந்து வைத்திருந்த மனிதர் அன்று உலகத்திலேயே இருந்திருக்க மாட்டார். ஒவ்வொரு சாவுக்கும் பிறகு ஏதோ ஒன்று மாறியது என்பதும் ஓர் ஆறுதல். 2014இல் ஜப்பானின் சுசூகாவில், மழையில், இன்னொரு காரை அகற்ற வந்த கிரேன் வண்டியின் அடியில் ஜூல்ஸ் பியாங்கியின் கார் புகுந்தது. ஒன்பது மாதம் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். விபத்துக்கு அடுத்த ஆண்டே, ஆபத்து நேரத்தில் எல்லாக் கார்களையும் ஒரே நேரத்தில் வேகம் குறைக்க வைக்கிற விதி வந்தது. 2018இல் ஓட்டுநரின் தலைக்கு மேல் ஹேலோ என்ற டைட்டானியம் வளையம் கட்டாயமானது. காரின் அழகு போச்சு என்று பலர் முணுமுணுத்தார்கள். எதிர்த்தவர்களில் குரோஷானும் ஒருவர். பஹ்ரைனில் தடுப்பைப் பிளந்து போனபோது அவர் தலையைக் காப்பாற்றியது அந்த வளையம்தான். அவரே பிறகு அதைச் சொன்னார்.

எனக்கு உறுத்துவது மற்றவர்கள் கொடுத்த விலை.

1955 ஜூன் 11, பிரான்சின் லே மான். பியேர் லெவேயின் மெர்சிடஸ் முன்னால் போன காரின் மேல் ஏறிப் பறந்து மண்மேட்டில் விழுந்து சிதறியது. இன்ஜினும் முன்பாகமும் கூட்டத்துக்குள் பாய்ந்தன. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பந்தயம் நிற்கவில்லை. கூட்டம் ஒரே நேரத்தில் வெளியேறினால் ஆம்புலன்ஸ் போக வழியிருக்காது என்று காரணம் சொன்னார்கள். அதில் நியாயமும் இருக்கலாம். மெர்சிடஸ் நள்ளிரவில் தன் கார்களை விலக்கிக்கொண்டது. ஸ்விட்சர்லாந்து தன் மண்ணில் தடப் பந்தயத்தையே தடை செய்தது, அந்தத் தடை அறுபது வருடத்துக்கும் மேல் இருந்தது. இரண்டு வருடம் கழித்து இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் ஒரு டயர் வெடித்து, சாலையோரம் நின்ற ஒன்பது பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். பொதுச் சாலையில் ஆயிரம் மைல் ஓடுகிற அந்தப் பந்தயத்தின் கதை அத்தோடு முடிந்தது.

என் பெரியப்பா சோழவரத்துப் பந்தயங்களைப் பற்றிப் பேசும்போது எனக்கு இந்த நினைப்பு வராமல் இருக்காது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே வருடா வருடம் பந்தயம் நடத்தியது. பஸ் பிடித்தும் சைக்கிளிலும் ஆயிரக்கணக்கில் ஜனம் போகும். "காத்து முகத்துல அடிக்கும்டா, அவ்ளோ கிட்ட நிப்போம்" என்பார். அவர் கண் பளபளக்கும். எனக்கு அந்தக் 'கிட்ட'தான் பயம். அப்புறம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே தடம் கட்டி, பந்தயம் அங்கே போனது. வேலி, தடுப்பு, கார் விலகினால் நிற்க இடம் எல்லாம் அங்கேதான் ஒழுங்காக வந்தன.

பார்வையாளனாவது டிக்கெட் வாங்கி வருகிறான். மார்ஷல்கள்? கொடி அசைப்பவர்கள், நின்ற காரைத் தள்ளுபவர்கள், தீயணைப்பானோடு ஓடுபவர்கள். உலகம் முழுக்க இவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். மூன்று வேளை சாப்பாடும் ஒரு தொப்பியும் சட்டையும் கிடைத்தால் அதிகம். 1977இல் தென்னாப்பிரிக்காவின் கியாலாமியில் 19 வயது மார்ஷல் ஒருவர், தடத்தின் எதிர்ப்பக்கம் நின்ற காரில் சின்னதாகத் தீ பிடித்ததைப் பார்த்துத் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு குறுக்கே ஓடினார். மேட்டுக்குப் பின்னாலிருந்து வந்த டாம் பிரைஸுக்கு அவரைப் பார்க்க வழியே இல்லை. பையன் அங்கேயே இறந்தான். தீயணைப்பான் பிரைஸின் தலையில் மோதி அவரும் இறந்தார். 2000இல் மோன்சாவில் ஒரு மார்ஷல், 2001இல் மெல்போர்னில் ஒரு மார்ஷல். இரண்டு பேரும் காரிலிருந்து கழன்று பறந்த சக்கரத்தால் இறந்தார்கள். சென்னாவின் பெயர் தெரியாத ரசிகன் கிடையாது. இந்த மூன்று பேரின் பெயர் எத்தனை ரசிகர்களுக்குத் தெரியும்? வான் வூரன், கிஸ்லிம்பெர்த்தி, பெவரிட்ஜ். ஒரு பந்தயம் முடிந்து மேடையில் ஷாம்பெயின் பீய்ச்சும்போது, ஒரு தடவையாவது அந்த ஊர் மார்ஷல்களை மேடை ஏற்றக் கூடாதா என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

மார்ஷல்களுக்கு முறையான பயிற்சியும் உடையும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்தின் சான்ட்வூர்ட்டில் நடந்த 1973 பந்தயம் சாட்சி. ரோஜர் வில்லியம்சனின் கார் கவிழ்ந்து தீப்பிடித்தது. அவர் உள்ளே உயிரோடு இருந்தார். பக்கத்தில் நின்ற மார்ஷல்களிடம் தீ தாங்கும் உடை இல்லை. டேவிட் பர்லி என்ற சக ஓட்டுநர் தன் காரை நிறுத்திவிட்டுத் தடத்தைக் கடந்து ஓடி, தனி ஆளாக அந்தக் காரை நிமிர்த்தப் பார்த்தார். முடியவில்லை. கடந்துபோன மற்ற ஓட்டுநர்கள், பர்லிதான் எரிகிற காரின் ஓட்டுநர், தப்பிவிட்டார் என்று நினைத்தார்கள். பந்தயம் ஓடிக்கொண்டே இருந்தது. பர்லிக்கு பிரிட்டன் வீரப் பதக்கம் கொடுத்தது. அந்தப் பழைய படச்சுருளில் அவர் கையை ஆட்டி உதவிக்குக் கூப்பிடுவது தெரியும். அதை நான் ஒருமுறை பார்த்தேன், இனி பார்க்க மாட்டேன்.

ஓட்டுநர்கள் ஆபத்தை மறுத்தால் நாம் என்ன செய்வோம்? அதற்கும் ஒரு நாள் சாட்சி இருக்கிறது, அதில் நம் ஊர்க்காரர் ஒருவரும் இருக்கிறார்.

2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் அந்த ஆண்டுதான் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1இல் நுழைந்திருந்தார், முதல் இந்தியர். இந்திய நேரம் இரவு பதினொன்றரைக்குப் பந்தயம். வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா, சரிவாகச் சாய்ந்த பதின்மூன்றாவது வளைவில் பின் டயர் போய்ச் சுவரில் மோதியிருந்தது. அந்த வளைவில் முழு வேகத்தில் எங்கள் டயர் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என மிஷலின் நிறுவனமே அணிகளிடம் சொல்லிவிட்டது. வளைவுக்கு முன்னால் வேகம் குறைக்க ஒரு நெளிவு வையுங்கள் என்று அணிகள் கேட்டன. பரிசோதிக்காத தடத்தில் ஓட்ட முடியாது, சரியான டயர் கொண்டுவந்த அணிகளுக்கு அது அநியாயம் என்று விதி வகுக்கும் அமைப்பு மறுத்தது. இருபது கார்களும் அணிவகுப்புச் சுற்றுக்குக் கிளம்பின. சுற்றின் முடிவில் பதினான்கு கார்கள் வரிசையாக பிட்டுக்குள் திரும்பிவிட்டன. களத்தில், வேறு நிறுவனத்தின் டயர் போட்ட ஆறு கார் மட்டும். கூட்டம் கத்தியது, தடத்தில் பாட்டிலை எறிந்தது. பலர் பந்தயம் முடியும் முன்பே கிளம்பிவிட்டார்கள்.

அந்த ஆறில் நரேன் நான்காவது. ஐந்து புள்ளி. ஓர் இந்தியர் ஃபார்முலா 1இல் எடுத்த முதல் புள்ளிகள். வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்க நான் சத்தம் வராமல் குதித்தேன். அந்தப் புள்ளிகளின் மதிப்பை இன்றும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். டயர் பிரச்சினை இல்லாத கார் அவருடையது, அதை அவர் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆனால் காசு கொடுத்து வந்த லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனத்தின் கோபத்தைப் பற்றி அடிக்கடி யோசிக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. விமானம் பிடித்து, விடுப்புப் போட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். பதினான்கு பேர் உயிரைப் பணயம் வைக்க மறுத்ததும் அவர்களுக்கு ஏமாற்றப்பட்ட உணர்வு வந்தது. டிக்கெட் பணத்தை மிஷலின் பிறகு திருப்பிக் கொடுத்தது. என்னைப் பொறுத்தவரை ஃபார்முலா 1 வரலாற்றிலேயே மரியாதையான முடிவுகளில் ஒன்று அன்று அந்த பிட்டுக்குள் திரும்பியது. பார்வையாளனின் ஆசைக்கும் ஓட்டுநரின் உயிருக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

பணம் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நீளும், சுருக்கமாகவே சொல்கிறேன். 2021இல் ஃபார்முலா 1 அணிகளின் செலவுக்கு முதல்முறையாக வரம்பு வைத்தார்கள்: 14.5 கோடி டாலர், அன்றைய மதிப்பில் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். இது சிக்கனப்படுத்தியதற்குப் பிறகு, அதுவும் ஓட்டுநர்களின் சம்பளத்தைச் சேர்க்காமல். தனியார் பணம், அவர்கள் பாடு என்று விட்டுவிடலாம். சுற்றுச்சூழல் கணக்கு அப்படி விட முடியாதது. 2018 பருவத்துக்கு அவர்களே வெளியிட்ட கணக்குப்படி 2,56,551 டன் கார்பன் டை ஆக்சைடு. அதில் கார்கள் தடத்தில் எரித்தது ஒரு சதவீதம்கூட இல்லை, 0.7 தான். மீதியில் பெரும்பங்கு கண்டம் விட்டுக் கண்டம் சரக்கும் ஆட்களும் போவது. ஒரு வாரம் ஆசியா, அடுத்த வாரம் அமெரிக்கா என்று அட்டவணை போடுவதை நிறுத்தினாலே நிறையக் குறையும்.

பொதுப்பணம் வேறு விஷயம். 2023 டிசம்பரில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 (ஃபார்முலா 1ஐவிடப் பல படி கீழான வகை) இரவுப் பந்தயம் நடப்பதாக இருந்தது. மிக்ஜாம் புயலில் நகரம் மூழ்கியதால் தள்ளிப்போனது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்தது. மூன்றரை கிலோமீட்டர் தடம், கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம். விளக்கு வெளிச்சத்தில் நேப்பியர் பாலத்தின் வளைவுகளுக்குக் கீழே கார்கள் சீறிப் போனதைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, மறைக்க மாட்டேன். இந்த ஊரில் பிறந்து இதை ரசிக்கிறவனுக்கு அது கனவுக் காட்சி. ஆனால் அந்தத் தடத்தை ஒட்டியே ஓமந்தூரார் அரசு மருத்துவமனை இருக்கிறது. சத்தம், போக்குவரத்து, அரசுச் செலவு என்று வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. புயலில் மூழ்கி எட்டு ஒன்பது மாதம்கூட ஆகாத நகரம். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, இருங்காட்டுக்கோட்டையில், அதற்கென்றே கட்டிய ஒரு தடம் இருக்கிறது. அங்கே பார்வையாளர் மேடையையும் பஸ் வசதியையும் மேம்படுத்த அரசு செலவு செய்தால் வரிகட்டுகிற ரசிகனாக நான் சந்தோஷப்படுவேன். டெல்லி பக்கம் 'புத்' என்ற பெயர் கொண்ட தடத்தில் ஃபார்முலா 1 மூன்றே ஆண்டு நடந்து 2013இல் நின்றுபோனதையும் பார்த்தவர்கள்தானே நாம்.

தெரிந்தே எடுக்கிற ஆபத்தை மதிக்கிறேன், தெரியாதவர் தலையில் விழுகிற ஆபத்தைத்தான் எதிர்க்கிறேன். இதுவரை சொன்னதை இப்படிச் சுருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அப்படியானால் பிரிட்டன் பக்கத்தில் இருக்கும் ஐல் ஆஃப் மேன் தீவின் 'டிடி' பைக் பந்தயம் எனக்கு மிகவும் பிடித்திருக்க வேண்டும். 60 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான சுற்று, சாதாரண ஊர்ச் சாலை. கல் சுவர், விளக்குக் கம்பம், வீட்டு வாசல், தபால் பெட்டி. அதன் நடுவே மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் சராசரி வேகம். 1911 முதல் அந்த மலைத் தடத்தில் 260க்கும் மேற்பட்ட ஓட்டுநர்கள் இறந்திருக்கிறார்கள். 2022இல் ஒரே ஆண்டில் ஆறு பேர். ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் இது தெரியும், யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. என் கொள்கைப்படி இதைவிடச் சுத்தமான சம்மதம் இல்லை. ஆனாலும் என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. ஃபார்முலா 1இல் ஒருவர் செத்தால் அடுத்த வருடம் அந்தச் சுவர் தள்ளி வைக்கப்படும். இங்கே அந்தச் சுவர்தான் பந்தயமே, அதைத் தள்ளி வைக்க முடியாது. கொள்கைக்கும் மனசுக்கும் நடுவே இருக்கிற இந்த இடைவெளியை நான் இன்னும் தீர்க்கவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் 59 வயதான கே.இ. குமார் தேசிய கார் பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி இறந்தார். வாழ்க்கை முழுக்கப் பந்தயம் ஓட்டிய மனிதர். வருத்தப்பட்டேன், வணங்கினேன். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே தடத்தில், தேசிய பைக் பந்தயத்தில், பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். அந்தச் செய்தியை என்னால் முதல் செய்தியைப் போல எடுத்துக்கொள்ள முடியவில்லை. பதின்மூன்று வயதில் சம்மதம் என்றால் என்ன? 2021இல் ஐரோப்பாவில் சில மாத இடைவெளியில் 19, 14, 15 வயதில் மூன்று பைக் ஓட்டுநர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் உலகச் சாம்பியன்ஷிப் பைக் பந்தயங்களுக்குக் குறைந்தபட்ச வயது 18 என்று உயர்த்தினார்கள். சின்ன வயதிலேயே ஆரம்பிக்காவிட்டால் மேலே போக முடியாது என்பது இந்த விளையாட்டில் எல்லோரும் சொல்கிற வாதம். எல்லோருக்கும் ஒரே வயது வரம்பு என்றால் எல்லோரும் சேர்ந்துதான் தாமதமாக ஆரம்பிப்பார்கள், யாருக்கும் நஷ்டமில்லை.

இதை நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் தங்கை மகன். பதினொரு வயது. என்னோடு உட்கார்ந்து பந்தயம் பார்த்துப் பார்த்து, "மாமா, நான் கார்ட்டிங் சேரணும்" என்று ஆரம்பித்துவிட்டான். கார்ட் என்பது சின்னத் திறந்த பந்தயக் கார். அவன் ஸ்கூல் நண்பனின் அண்ணன் பைக் பந்தயத்துக்குப் போகிறானாம், அந்த ஆசையும் பின்னால் நிற்கிறது. தங்கை போன வாரம் போனில் கேட்டாள்: "அண்ணா, நீதான இதுக்கெல்லாம் காரணம். நீயே சொல்லு, அனுப்பலாமா?"

வாடகைக் கார்ட் ஓட்டட்டும், நல்ல ஹெல்மெட் வாங்கித் தருகிறேன், பைக் பந்தயம் மட்டும் பதினெட்டு வயதுக்கு முன்னால் வேண்டாம் என்றேன்.

"அப்போ டிவியில மத்தவங்க வீட்டுப் பிள்ளை ஓட்டினா மட்டும் ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து பாப்பியா?"

சிறுவர் பந்தயங்களை நான் பார்ப்பதில்லை என்று சொன்னேன். அது உண்மைதான். பெரியவர்கள் ஓட்டுவதைப் பார்ப்பேன் என்றும் சொன்னேன். அவர்களுக்கும் அம்மா இருக்காங்கல்ல என்றாள். இருக்கிறார்கள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை, அவளும் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. எந்த இடத்தில் கார்ட் நன்றாகப் பராமரிக்கிறார்கள், ஒரு சுற்றுக்கு என்ன ஆகும், கழுத்துப் பட்டை தனியாக வாங்க வேண்டுமா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். வருகிற சனிக்கிழமை மூன்று பேரும் போய் அந்த இடத்தின் தடுப்புகளையும் சீட் பெல்ட்டையும் பார்த்துவிட்டு வருகிறோம். திருப்தியாக இருந்தால்தான் அவனை உட்கார வைப்போம்.